விண்டேஜ் நுரை ஒயின்

விண்டேஜ் நுரை ஒயின் என்பது ஒரே ஆண்டில் அறுவடையான திராட்சையைக் கொண்டு தயாரிக்கப்பட்டு, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, நிலவறையில் பல ஆண்டுகள் முதிர்ந்தபின் விற்பனைக்கு வரும் ஒயின் வகையாகும். இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது பிரான்சின் வடகிழக்கில் உள்ள ஷாம்பெயின் வட்டாரத்தின் ஒயின். இந்தியாவில் இதே முறையிலான தயாரிப்பு 1980களில் மகாராஷ்டிராவின் நாராயண்காவில் தொடங்கிப் பின்னர் நாசிக் பகுதியில் பரவியது.

தமிழ்நாட்டில் இந்த ஒயின் அன்றாடப் பொருளன்று. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளோ உறவினரோ விமான நிலையச் சுங்கம் அனுமதிக்கும் இரண்டு லிட்டர் அளவுக்குள் ஒரு புட்டி வாங்கி வருவதுண்டு. நந்தனத்திலோ மயிலாப்பூரிலோ அது வரவேற்பறை ஷோகேஸில் ஏறி, "பழசாகப் பழசாக மதிப்பு கூடும்" என்ற நம்பிக்கையில் ஏதோ ஒரு விசேஷத்துக்காகக் காத்திருக்கும். அந்த நம்பிக்கை பிரான்சின் நிலவறைக்குப் பொருந்தும். சென்னையின் மே மாதத்துக்குப் பொருந்தாது. இந்த ஒயினைப் பாதுகாப்பது, திறப்பது, பரிமாறுவது பற்றிய விதிகள் பகட்டுச் சடங்குகளைப் போலத் தோன்றினாலும் அவற்றில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களில் அடங்கும். புட்டிக்குள் அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயு ஒன்று. வெப்பம் பட்டால் கெட்டுவிடும் மணம் மற்றொன்று.

பெயர்கள்

குமிழி எழும் எல்லா ஒயினும் நுரை ஒயின்தான். ஷாம்பெயின் என்பது இடப்பெயரால் வந்த உரிமைப் பெயர். திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு போல அதுவும் புவிசார் குறியீடு பெற்றது. இந்தியாவிலும் அவ்வாறே பதிவு செய்யப்பட்டுள்ளது. ஆகவே நாசிக்கில் அதே திராட்சையைக் கொண்டு அதே முறையில் செய்தாலும் அதன் மேல் ஷாம்பெயின் என்று எழுத முடியாது. ஸ்பெயினின் காவா இதே முறையில் தயாராவது. இத்தாலியின் பிராசெக்கோ பெரும்பாலும் புட்டியில் அன்றி, பெரிய எஃகுத் தொட்டியில் நுரைக்க வைக்கப்படுவது. சென்னைப் பேச்சுவழக்கிலோ இவை எல்லாமே ஷாம்பெயின்தான். பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்காக உடைக்கப்படும் மதுவில்லாத பழச்சாற்றுப் புட்டிக்கும் அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது.

விண்டேஜ் என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. "விண்டேஜ் கார்" என்று கேட்டுப் பழகியவர்கள் அதைப் "பழைய" என்று பொருள் கொள்கிறார்கள். ஒயினில் அது அறுவடை ஆண்டை மட்டுமே குறிக்கும். 2015 விண்டேஜ் என்றால் 2015ஆம் ஆண்டு பறித்த திராட்சை, அவ்வளவே. ஷாம்பெயின் வட்டாரம் குளிரானது. திராட்சை சில ஆண்டுகளில் நன்கு பழுக்காது. சில ஆண்டுகளில் உறைபனி தாக்கும். அதனால் அங்கு தயாராவதில் பெரும்பகுதி பல ஆண்டு ஒயின்களின் கலவை. அதன் லேபிளில் ஆண்டு இருக்காது. அறுவடை சிறப்பாக அமைந்த ஆண்டுகளில் மட்டும் அந்த ஆண்டின் ஒயினைத் தனியாக அடைத்து ஆண்டைப் பொறிப்பார்கள். 2002, 2008, 2012 ஆகியவை அவ்வாறு பெயர் பெற்றவை. ஆண்டு குறிப்பிடாத ஒயின் குறைந்தது 15 மாதமும், விண்டேஜ் ஒயின் குறைந்தது 3 ஆண்டும் கழித்தே விற்பனைக்கு வரலாம் என்பது அங்குள்ள சட்டம். பல நிறுவனங்கள் ஏழு, எட்டு ஆண்டு வரை வைத்திருக்கின்றன. டோம் பெரிஞோன் என்ற வணிகப் பெயரில் வருபவை விண்டேஜ் மட்டுமே. அதன் முதல் அறுவடை ஆண்டு 1921; விற்பனைக்கு வந்தது 1936இல்.

ஆண்டு போடாத ஒயின் தரம் தாழ்ந்தது என்று கருத வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே சுவையைத் தரும்படி கலப்பது எளிய வேலையன்று. விண்டேஜில் அந்தச் சமன் இல்லை. அந்த ஆண்டின் வெயிலும் மழையும் எப்படி இருந்தனவோ அப்படியே ஒயினும் இருக்கும்.

புட்டிக்குள் நடப்பது

ஷாம்பெயினில் பெரிதும் பயன்படுபவை ஷார்டொனே, பினோ நுவார், முனியே என்ற மூன்று திராட்சை வகைகள். பின்னவை இரண்டும் கறுப்புத் தோல் உடையவை. ஆனால் மெதுவாகப் பிழிந்தால் தோலின் நிறம் சாற்றில் இறங்குவதில்லை. கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் வருவது இப்படித்தான். இனிப்பு முழுதும் ஏறுமுன், புளிப்பு இருக்கும்போதே பறிக்கிறார்கள். முதல் நொதித்தலில் கிடைக்கும் ஒயின் மெலிந்தும் புளித்தும் இருக்கும். அதைத் தனியாகக் குடித்துப் பார்ப்பவர் முகம் சுளிப்பார்.

அந்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் சிறிது ஈஸ்டும் சேர்த்துத் தடித்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, சோடா புட்டிக்குப் போடுவது போன்ற உலோக மூடியால் அடைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கார்பன் டைஆக்சைடையும் வெளியிடுகிறது. வாயுவுக்கு வெளியேற வழியில்லை, ஒயினிலேயே கரைகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 750 மில்லி லிட்டர் புட்டியில் 18 கிராம் சர்க்கரை சேர்கிறது. 342 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் 176 கிராம் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும். ஆக, 18 கிராமிலிருந்து சுமார் 9 கிராம். அதை வெளியே விட்டால் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 5 லிட்டர் இடத்தை அடைக்கும். முக்கால் லிட்டர் புட்டிக்குள் ஐந்து லிட்டர் வாயு அடங்கியிருக்கிறது என்பதே இந்த ஒயினின் அடிப்படைச் செய்தி.

சென்னைக்காரர் அறிந்த கோலி சோடாவோடு இதை ஒப்பிடலாம். 1872இல் ஆங்கிலேயரான ஹைரம் காட் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியிலும் வாயு அழுத்தம்தான் கோலியை ரப்பர் வளையத்தோடு இறுக்கி நிறுத்துகிறது. ஆனால் சோடாவில் வாயு உருளையிலிருந்து இயந்திரத்தால் ஏற்றப்படுகிறது. இங்கே வாயு புட்டிக்குள்ளேயே பிறக்கிறது. அதை உண்டாக்கிய ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படிகிறது. விண்டேஜ் ஒயினின் சிறப்பு அந்த வண்டலில் இருக்கிறது. இறந்த ஈஸ்ட் செல்கள் மெல்லச் சிதைந்து தம்முள் இருந்த புரதத்தையும் பிற சேர்மங்களையும் ஒயினில் விடுகின்றன. பேக்கரியில் அப்போதுதான் இறக்கிய பன்னின் மணம், வறுத்த பாதாமின் மணம் ஆகியவை இதிலிருந்து வருபவை. இந்த மாற்றத்துக்கு மாதங்கள் போதா; ஆண்டுகள் வேண்டும்.

பின்னர் வண்டலை நீக்க வேண்டும். புட்டியைச் சாய்த்து வைத்துத் தினமும் சிறிது சிறிதாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேம்ஸ் நகரில், இளம் வயதிலேயே கணவரை இழந்து வணிகத்தை ஏற்று நடத்திய கிளிக்கோ அம்மையாரின் நிலவறையில் உருவானது. கழுத்தில் சேர்ந்ததை உறைய வைத்து மூடியைத் திறந்தால், பனிக்கட்டியாகிய வண்டல் அழுத்தத்தால் வெளியே பாயும். குறைந்த அளவை ஒயினும் சர்க்கரையும் கலந்த கரைசலால் நிரப்பித் தக்கை அடைக்கிறார்கள். அந்தச் சர்க்கரையின் அளவே லேபிளில் உள்ள இனிப்புச் சொல்லைத் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவு என்றால் "புரூட்". 32 முதல் 50 வரை என்றால் "தெமி-செக்". "எக்ஸ்ட்ரா டிரை" என்பது புரூட்டைவிட இனிப்பானது. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

நுரை ஒயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞோன் என்ற துறவி என்பது பரவலான கதை. அவர் 1668 முதல் 1715இல் இறக்கும்வரை ஓவில்லே மடத்தின் நிலவறைப் பொறுப்பில் இருந்தார். திராட்சைத் தேர்விலும் கலவையிலும் அவர் சிறந்தவர். குமிழியைக் கண்டுபிடித்தவர் அல்லர். 1662லேயே கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் ஒயினைத் துடிப்பாக்கச் சர்க்கரை சேர்க்கும் வழக்கத்தை லண்டன் ராயல் சொசைட்டியில் விவரித்திருக்கிறார். நிலக்கரி உலையில் செய்த ஆங்கிலேயக் கண்ணாடி வலிமையாக இருந்ததால் அங்கே புட்டி வெடிக்காமல் தாங்கியது.

இந்தியாவில்

திராட்சை ஒயின் தமிழருக்குப் புதிதன்று. யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆனால் அவை நுரைக்காத ஒயினுக்கான சாடிகள்; ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைச் சுடுமண் தாங்காது.

நாராயண்காவ் புனே மாவட்டத்தில், சகியாத்ரி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டியுள்ள ஊர். தொழிலதிபர் ஷாம்ராவ் சௌகுலே 1980களில் அங்கு ஷாட்டோ இண்டேஜ் என்ற ஒயின் ஆலையை நிறுவினார். பைப்பர்-ஹைட்சீக் என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் புட்டியில் நொதிக்கும் நுரை ஒயின் உருவாயிற்று. ஏற்றுமதிக்கு உமர் கய்யாம் என்றும், உள்நாட்டில் மார்க்கிஸ் டி பாம்படூர் என்றும் பெயரிடப்பட்டது. வெப்ப நாடாகிய இந்தியாவிலிருந்து இப்படி ஒரு ஒயின் வரும் என்று எதிர்பார்க்காத லண்டன் கடைகளில் அது இடம் பிடித்தது. பின்னாளில் அந்த நிறுவனம் வெளிநாடுகளில் விரிவாக்கம் செய்து, 2008க்குப் பின் கடனில் சிக்கியது. சில ஆண்டுகளில் மும்பை உயர் நீதிமன்றம் அதைக் கலைக்க ஆணையிட்டது. நிறுவனம் நிலைக்கவில்லை என்றாலும் தக்காணத்தில் இது முடியும் என்பதை அது காட்டிவிட்டது. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனம் நாசிக்கில் அதே முறையில் நுரை ஒயின் செய்கிறது. 2013இல் பிரான்சின் மொயட் ஹென்னஸி நிறுவனம் ஷாந்தோன் என்ற பெயரில் நாசிக் மாவட்டத் திண்டோரி வட்டாரத்தில் தன் இந்தியத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது. செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை இந்திய நுரை ஒயின்களில் அதிகம் பயன்படுகிறது.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் கொடி குளிர்காலம் முழுவதும் உறங்கி, கோடையில் காய்த்து, இலையுதிர்காலத் தொடக்கத்தில் அறுவடையாகும். தக்காணத்தில் கொடி தானாக உறங்குவதில்லை. கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் கவாத்து செய்து, பனிக்காலத்தில் காய்க்க வைத்து, பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை அங்கு ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டே இருக்கும். அத்தகைய இடத்தில் "அறுவடை ஆண்டு" என்பதற்குப் பொருளே மங்கிவிடுகிறது. விண்டேஜ் என்பது ஆண்டுக்கு ஒரே ஓர் அறுவடை காணும் குளிர் நாடுகளில் பிறந்த கருத்து. இந்தியாவின் நுரை ஒயின்களில் பெரும்பாலானவை ஆண்டு குறிப்பிடாதவையாக இருக்கின்றன. விண்டேஜ் புட்டி என்று இங்கு கிடைப்பது அநேகமாக இறக்குமதியே.

சேமிப்பு

ரேம்ஸ் நகரின் அடியில் உள்ள சுண்ணப்பாறைச் சுரங்கங்களில் ஆண்டு முழுதும் 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவுகிறது. சென்னையில் மே மாதப் பகல் 37, 38 டிகிரியைத் தொடும்; இரவிலும் 27க்குக் கீழே இறங்குவது அரிது. வெப்பம் கூடும்போது வேதிவினைகள் விரைவடைகின்றன என்பது பள்ளிப் பாடம். நிலவறையில் பத்து ஆண்டில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் ஷோகேஸில் ஒன்றிரண்டு கோடையிலேயே தாறுமாறாக நடந்துவிடும். பன் மணமும் பழ மணமும் போய், அடிபட்ட ஆப்பிள் போன்ற வாடை வரும். நிறம் பழுப்பேறும். அழுத்தம் கூடி, தக்கையின் ஓரமாக வாயு கசியும். திறக்கும்போது ஓசையே வராது.

இதற்கு நேர்மாறான சான்று பால்டிக் கடலில் கிடைத்தது. 2010இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுகளை ஒட்டி, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் புட்டிகளை மீட்டார்கள். ஏறத்தாழ 170 ஆண்டுகள் அவை இருளில், 2 முதல் 4 டிகிரி குளிரில் கிடந்தன. 2015இல் வெளியான ஆய்வின்படி அவற்றில் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. அக்கால இனிப்புப் பழக்கம் அப்படி. சுவைத்தவர்கள் முதலில் ஈர முடி போன்ற வாடையையும், கோப்பையில் சுழற்றிக் காற்றுப் பட்டபின் பூ, புகை, தோல் மணங்களையும் உணர்ந்தார்கள். குளிரும் இருளும் ஒன்றரை நூற்றாண்டைத் தாங்க வைத்தன. சென்னை வரவேற்பறையில் ஐந்து ஆண்டுகூட நம்பிக்கையில்லை.

எனவே தனிக் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் செய்யத் தக்கது, வந்த புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் துணி சுற்றி வைத்து, சில மாதங்களுக்குள் திறந்துவிடுவதுதான். அது இலட்சிய இடம் அல்ல. ஆனால் பரணையும் பீரோவையும்விட எவ்வளவோ மேல். வெளிச்சமும் எதிரி, குழல் விளக்கின் ஒளிகூட நாளடைவில் முட்டைக்கோசு வெந்த வாடையை உண்டாக்கும். "இன்னும் நல்ல நாள் வரட்டும்" என்று தள்ளிப் போடுவதால் மதிப்பு ஏறுவதில்லை. ஒயினுக்கு வேண்டிய முதுமையைத் தயாரிப்பாளர் நிலவறையில் பெரும்பாலும் முடித்தே அனுப்பியிருக்கிறார்.

குளிர்வித்தலும் திறத்தலும்

ஆண்டு குறிப்பிடாத ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரியும் விண்டேஜுக்கு 10 முதல் 12 டிகிரியும் ஏற்ற வெப்பநிலை. மிகக் குளிர்ந்தால் மணம் எழாது; விலை கொடுத்து வாங்கிய முதிர்ச்சி வீணாகும். ஆனால் இந்த எண்கள் குளிர்நாட்டு மேசைக்கு உரியவை. சென்னையில் கோப்பையில் ஊற்றிய சில நிமிடங்களில் ஒயின் சூடேறத் தொடங்கிவிடும். ஆகவே 6, 7 டிகிரி வரை குளிர்வித்து, கோப்பையிலேயே 10க்கு ஏற விடுவது இவ்வூருக்குப் பொருந்தும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம், அல்லது பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப்பாதி நிரப்பிய வாளியில் அரை மணி நேரம் போதும். பனிக்கட்டி மட்டும் போட்டால் புட்டியை அங்கங்கே மட்டுமே தொடும். தண்ணீர் முழுதும் தழுவிக் குளிரைக் கடத்தும். உறைபெட்டியில் மறந்து வைத்தால் புட்டி வெடிக்கலாம்.

குளிர்விப்பது சுவைக்காக மட்டுமல்ல. குளிர்ந்த நீர்மத்தில் வாயு அதிகம் கரையும். புதிய ஷாம்பெயின் புட்டியின் அழுத்தம் 12 டிகிரியில் வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 6 மடங்கு; 20 டிகிரியில் 8 மடங்கு வரை போகும்; 30 டிகிரியில் பத்தைத் தாண்டும். காரின் சக்கரத்தில் இருப்பது இரண்டேகால் மடங்குதான். சூடான புட்டியின் தக்கை மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்வதை ரேம்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பதிவு செய்துள்ளனர். கண் இமைக்கும் முன் அது கண்ணை அடைந்துவிடும். பார்வையைப் பறிக்கும் காயங்கள் நேர்வதால் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் பண்டிகைக் காலங்களில் இதைப் பற்றி எச்சரிக்கிறது. 1967 லே மான் கார் பந்தயத்தில் வென்ற டேன் கர்னி புட்டியைக் குலுக்கிப் பீய்ச்சியது ஒரு வழக்கமாகிவிட்டது. விண்டேஜ் புட்டியை அப்படிச் செய்பவர் பல ஆண்டு உழைப்பைத் தரையில் கொட்டுகிறார்.

முறையாகத் திறப்பது இவ்வாறு. முதலில் புட்டியின் மேல் வியர்க்கும் நீரைத் துடைக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் குளிர்ந்த புட்டி கையில் வழுக்கும். உறையை உரித்தபின் தெரியும் கம்பிக்கூடு, அடோல்ஃப் ஜாக்கசோன் 1844இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. அதன் முறுக்கை ஆறு அரைச்சுற்றுகளில் தளர்த்தலாம். தளர்த்தத் தொடங்கும் நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கையின் மேலேயே இருக்க வேண்டும். கம்பிக்கூட்டைக் கழற்ற வேண்டியதும் இல்லை. ஒரு துணியால் மூடி, ஆளில்லாத பக்கம் நோக்கிப் புட்டியை 45 டிகிரி சாய்த்து, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு புட்டியின் அடியைத் திருப்ப வேண்டும். தக்கை தானாக மேலே வரும். அதை வெளியே இழுப்பதற்குப் பதிலாக உள்ளே அழுத்தியபடியே மெதுவாக விட வேண்டும். பெருமூச்சு போன்ற சிறு ஓசையோடு வாயு பிரிந்தால் வேலை சரியாக நடந்தது என்று பொருள். "பட்" என்ற வெடி ஓசை கேட்டுக் கைதட்டுவது பழக்கம். கைதட்டுக்கு உரியது ஓசையின்மைதான். தக்கை இறுகிப் போயிருந்தாலும் திருகாணியால் துளைக்கக் கூடாது. அழுத்தம் உள்ள புட்டியில் அது ஆபத்து.

ஊற்றுதல்

2010இல் ரேம்ஸ் ஆய்வாளர்கள் இருவிதமாக ஊற்றிக் கரைந்த வாயுவை அளந்தார்கள். நிமிர்ந்த கோப்பையின் நடுவில் ஊற்றியதைவிட, சாய்ந்த கோப்பையின் சுவர் வழியாக ஊற்றியபோது வாயு இழப்பு தெளிவாகக் குறைந்தது. ஒயின் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைந்தது. பீரை ஊற்றுவது போல என்பதால் சிலருக்கு இது பிடிக்கவில்லை. முதலில் சிறிதளவு ஊற்றி, நுரை அடங்கியபின் நிரப்பலாம். கோப்பையின் பாதிக்குச் சற்று மேல் போதும். ஒரு புட்டியில் 125 மில்லி லிட்டர் வீதம் ஆறு கோப்பை வரும்.

கோப்பையின் வடிவம் பற்றி வாதங்கள் நிறைய. அகன்ற தட்டைக் கோப்பை அழகு; வாயுவும் மணமும் சீக்கிரம் பறந்துவிடும். ஒல்லியான நீள் கோப்பையில் குமிழிச் சரம் நன்றாகத் தெரியும். மூக்கு நுழைய இடமில்லை. முதிர்ந்த விண்டேஜுக்கு நடுவில் சற்றுப் பருத்து வாயில் குறுகிய, மொட்டு வடிவக் கோப்பையே பொருத்தம். அது இல்லையென்றால் சாதாரண வெள்ளை ஒயின் கோப்பை போதும்.

குமிழி ஒயினில் தானாகத் தோன்றுவதில்லை. கோப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் நுண்ணிய பருத்தி, காகித இழைகளுக்குள் சிக்கிய காற்றிலிருந்தே அது கிளம்புகிறது. இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர், ஒரு கோப்பை ஒயின் ஏறத்தாழ பத்து லட்சம் குமிழிகளை வெளியிட வல்லது என்று கணித்தார். துளித் தூசியும் இல்லாத கோப்பையில் குமிழி எழாது. ஆகவே குமிழி குறைவாக இருப்பதைக் கண்டு ஒயினைக் குறை சொல்லிவிட முடியாது. பாத்திரம் கழுவும் சோப்பின் எச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொல்லும். வெந்நீரில் அலசிப் பருத்தித் துணியால் துடைத்த கோப்பை இரண்டு வகையிலும் நல்லது.

மணமும் சுவையும்

மேற்பரப்பில் உடையும் ஒவ்வொரு குமிழியும் நுண்துளிகளைத் தெறிக்க விட்டு மணத்தை மூக்குக்குக் கொண்டுவருகிறது. அதனால் வேகமாகச் சுழற்ற வேண்டாம். இளமையான நுரை ஒயினில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் முன்னே நிற்கும். விண்டேஜில் அவை பின்னே சென்று பன், நெய்யில் வறுத்த முந்திரி, தேன், உலர்ந்த அத்தி, சில சமயம் காளான் போன்ற மணங்கள் எழும். வாயில் குமிழி முள்ளாகக் குத்தாமல் பஞ்சு போலப் பரவ வேண்டும். மிகப் பழைய புட்டியில் குமிழி குறைந்திருப்பது குறையன்று. பல ஆண்டுகளில் தக்கை வழியாகச் சிறிது வாயு பிரிவது இயல்பு. விழுங்கியபின் நாவில் புளிப்பு தெளிவாக நின்று, மணம் நெடுநேரம் நீடித்தால் அறுவடை நன்றாக இருந்தது எனலாம்.

உணவில் உப்பும் கொழுப்பும் இதற்குத் துணை; புளிப்பு அவற்றை அறுத்து நாவைத் துடைத்துவிடும். காரம் குறைந்த மெதுவடை, வறுத்த முந்திரி, வெண்ணெய் முறுக்கு, எண்ணெயில் பொரித்த மீன் ஆகியவை நன்றாகவே பொருந்தும். வடைக்குத் தொட்டுக்கொள்ளும் காரச் சட்னியைத் தள்ளி வைக்க வேண்டும். மிளகாய் எரிச்சலைக் குமிழி தூண்டிவிடும். கேக்கோடு புரூட் பரிமாறும் விழா வழக்கம் உலகெங்கும் உண்டு. அது பிழையான இணை. இனிப்புக்குப் பின் புரூட் வெறும் புளிப்பாகவே படும். பாயசமோ கேக்கோ இருந்தால் தெமி-செக் வேண்டும்.

ஆல்கஹால் அளவு சுமார் 12 விழுக்காடு. ஒரு கோப்பையில் ஏறத்தாழ 12 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. குமிழி உள்ள மது இரத்தத்தில் சற்று விரைந்து ஏறுவதாகச் சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

புட்டியில் மிச்சம் இருந்தால் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் குமிழி போகாது என்பது ஐரோப்பிய வீடுகளின் நம்பிக்கை. சோதனைகளில் அது நிற்கவில்லை. கரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளிர்சாதனப் பெட்டியின் குளிர்தான் வாயுவைப் பிடித்து வைக்கிறது. பிடியுள்ள உலோக மூடி போட்டுக் குளிரில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். முதல் முறை பிடுங்கிய தக்கை திரும்ப நுழையாது. காளான் போல விரிந்துவிட்டிருக்கும்.